நெய்யாறும் ஏ.வி.எம். கால்வாயும்: சத்து மாசைத் தடுக்கும் கொள்கை எது?

(பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைப்புறக் கிராமங்களைச் சேர்ந்த தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களுக்கான கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நெய்யாறு பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இரு மாநிலங்களிலும் ஒரே கேள்விதான் முன்னுக்கு வருகிறது: தண்ணீர் யாருக்கு, எவ்வளவு? 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. ஆறும் அணையும் கேரளத்தில் அமைந்தன. இடதுகரைக் கால்வாயின் கடைமடை தமிழ்நாட்டில் அமைந்தது. 2004இல் அந்தக் கால்வாய் வழியாகத் தமிழ்நாட்டுக்கு நீர் விடுவது நிறுத்தப்பட்டது. 2012இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தை அணுகியது. விளவங்கோட்டு உழவர்களின் பாசனத் தேவை நியாயமானது. அதற்குத் தீர்வு காணப்பட்டே ஆக வேண்டும்.

ஆனால் நீரின் அளவு பற்றிய இந்த வழக்கின் நிழலில் இன்னொரு கேள்வி கேட்கப்படாமலே கிடக்கிறது. அந்த நீரில் என்ன இருக்கிறது? அகத்தியமலையில் பிறந்து 56 கிலோமீட்டர் ஓடிப் பூவாற்றில் கடல் சேரும் நெய்யாற்றிலும், அதைச் சார்ந்த குளங்களிலும், எல்லையைக் கடந்து செல்லும் கால்வாயிலும் சேர்ந்துவரும் சத்து மாசைப் பற்றியும், அதைக் குறைக்க அரசு வகுக்க வேண்டிய கொள்கையைப் பற்றியும் கட்சி உறுப்பினர்கள் தெளிவு பெறுவது அவசியம்.

சத்து எப்படி மாசாகிறது?

நைட்ரஜனும் பாஸ்பரசும் பயிருக்கு உயிர். உழவர்கள் இவற்றைத் தழைச்சத்து, மணிச்சத்து என்று அறிவார்கள். இவை அளவுக்கு மிஞ்சி நீரில் சேரும்போது, வயலில் செய்யும் அதே வேலையைத்தான் நீரிலும் செய்கின்றன: தாவரத்தை வளர்க்கின்றன. பாசியும், ஆகாயத்தாமரையும், இப்பகுதியில் ஆப்பிரிக்கப் பாயல் என்று அழைக்கப்படும் மிதவைச் செடியும் பெருகுகின்றன. சாதகமான சூழலில் ஆகாயத்தாமரை இரண்டு வாரங்களுக்குள் இரட்டிப்பாகக்கூடியது. அது நீர்ப்பரப்பை மூடியதும் ஒளி உள்ளே செல்வதில்லை. செத்து அழுகும் செடிகளைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடுகின்றன. மீன் சாகிறது, நீர் நாறுகிறது.

நிலத்தடியில் இதே நைட்ரஜன் நைட்ரேட்டாக மாறிக் கிணற்றை அடைகிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் என்பதே இந்தியத் தர நிர்ணயத்தின் வரம்பு. அது மிகும்போது கைக்குழந்தைகளின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கிறது. குழந்தையின் உடல் நீலம் பாய்கிறது. தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் நைட்ரேட் நீங்குவதில்லை.

செல்வ வளம் மிக்க நாடுகளும் இதற்கு விலக்கல்ல. 2014 ஆகஸ்ட் மாதத்தில் அமெரிக்காவின் டொலிடோ நகரில் குழாய் நீரைக் குடிக்கக் கூடாது என்று நிர்வாகம் அறிவித்தது. ஈரி ஏரியில் பெருகிய நச்சுப் பாசியே காரணம். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் சில நாட்கள் புட்டி நீரை நம்பி வாழ்ந்தனர்.

நெய்யாற்றின்கரைப் பகுதி மக்களுக்கு 2024ஆம் ஆண்டின் ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் மறந்திருக்காது. அதியன்னூர் பஞ்சாயத்தின் கண்ணறவிளைப் பகுதியில் இளைஞர்கள் பலர் அமீபா மூளைக்காய்ச்சலுக்கு ஆளாயினர். ஓர் இளைஞர் உயிரிழந்தார். குளத்து நீரே சந்தேகத்துக்கு உள்ளானது. சத்து மாசு ஒன்றே இந்நோய்க்குக் காரணம் என்று கூறுவது அறிவியலுக்கு ஒவ்வாது. வெப்பம் முதலிய பிற காரணங்களும் உண்டு. எனினும் இந்த அமீபா பாக்டீரியாக்களைத் தின்று வாழ்வது. வெதுவெதுப்பான, தேங்கிய, கழிவு மண்டிய நீர் அதற்கு ஏற்ற இடம். தலைமுறை தலைமுறையாகக் குளித்துவந்த குளத்தில் இறங்க அஞ்ச வேண்டிய நிலை வந்திருப்பதே அரசியல் கேள்விதான்.

எல்லையைக் கடக்கும் கால்வாய்

1860இல் திருவிதாங்கூர் அரசு தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய் பூவாற்றிலிருந்து குளத்தூர், பொழியூர் வழியாக நீரோடியில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. 2016ஆம் ஆண்டின் தேசிய நீர்வழிச் சட்டம் பூவாறு கடற்கரையிலிருந்து இரையுமன்துறை வரையிலான அதன் பகுதியை 13ஆம் எண் தேசிய நீர்வழியாக அறிவித்தது. காகிதத்தில் அது சரக்குப் படகு செல்லும் பாதை. நடப்பில் அதன் பல பகுதிகள் ஆகாயத்தாமரையும் சாக்கடையும் மண்டிக் கிடக்கின்றன.

அவ்வப்போது செடிகள் அகற்றப்படுகின்றன. அடுத்த மழைக்குள் மீண்டும் மூடிக்கொள்கின்றன. அகற்றிய செடியைக் கரையிலேயே குவித்துவிட்டால், அது அழுகி அதன் சத்து மீண்டும் கால்வாய்க்கே திரும்புகிறது. செடி நோயின் அடையாளம் மட்டுமே. நீரில் வந்து சேரும் சத்தின் அளவைக் குறைக்காமல் செடியை மட்டும் அகற்றும் திட்டம் ஒப்பந்ததாரருக்கு ஆண்டுதோறும் வேலை தருமே தவிர, கால்வாய்க்கு உயிர் தராது.

ஆற்றின் நிலையும் இதனுடன் இணைந்ததே. பல பத்தாண்டுகளாக நடந்த மணல் கொள்ளை நெய்யாற்றின் படுகையில் ஆழ்குழிகளை உண்டாக்கியது. கோடையில் பூவாற்றுப் பொழிமுகத்தை மணல்திட்டு அடைக்கும்போது மேலிருந்து வந்த சத்தெல்லாம் அங்கேயே தேங்குகிறது. உள்நாட்டு மீன்பிடித் தொழிலாளர்களின் வலையில் மீனுக்குப் பதில் பாயல் ஏறுகிறது.

சத்து எங்கிருந்து வருகிறது?

முதலாவது, மனிதக் கழிவு. ஒவ்வொரு மனிதரும் ஆண்டுக்குச் சில கிலோ நைட்ரஜனையும் ஏறக்குறைய அரை கிலோ பாஸ்பரசையும் வெளியேற்றுகின்றனர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது அன்றைய நெய்யாற்றின்கரை வட்டத்தில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். அப்படியானால் மனிதக் கழிவின் வழியே மட்டும் ஆண்டுதோறும் 300 டன்னுக்கு மேல் பாஸ்பரஸ் வெளிப்படுகிறது. இதில் ஒரு பகுதி மண்ணில் தங்கும். மற்றொரு பகுதி மழைநீரோடு ஓடைக்குப் போகும்.

2016 நவம்பர் 1 அன்று கேரளம் திறந்தவெளி மலங்கழித்தல் அற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. அது பெரும் சாதனை. ஆனால் கழிப்பறை கட்டுவதோடு பணி முடிவதில்லை. பாறசாலை, காரோடு, செங்கல், திருப்புறம், குளத்தூர், கொல்லயில் போன்ற பஞ்சாயத்துகளில் வீடுகள் பெரும்பாலும் செப்டிக் டேங்க்கையும் உறிஞ்சுகுழியையுமே நம்பியுள்ளன. கழிவுக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே ஏழரை மீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறது கேரளக் கட்டட விதி. மூன்று சென்ட், நான்கு சென்ட் நிலத்தில் வீடும் கிணறும் கழிப்பறையும் அமைக்கும் தொழிலாளிக் குடும்பம் அந்த இடைவெளியை எங்கே தேடும்? செப்டிக் டேங்க் நிறைந்தால் லாரியை அழைக்க வேண்டும். முறையான பெரிய சுத்திகரிப்பு நிலையம் திருவனந்தபுரம் முட்டத்தறையில் உள்ளது. அதன் கொள்ளளவு நாளொன்றுக்கு 10.7 கோடி லிட்டர். பாறசாலையிலிருந்து அது ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவு. அந்தத் தொலைவும் செலவும் இருக்கும்வரை, இரவில் ஓடையோரம் கழிவைக் கொட்டிவிட்டுச் செல்லும் லாரிகளை அபராதத்தால் மட்டும் நிறுத்த முடியாது.

இரண்டாவது, சலவைத் தூள். பாஸ்பேட் கலந்த சலவைத் தூளின் நீர் நேராக ஓடைக்குப் போகிறது. ஐரோப்பிய ஒன்றியம் வீட்டுச் சலவைத் தூளில் பாஸ்பரசுக்கு 2013 ஜூன் 30 முதல் கடும் வரம்பு விதித்தது. பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கான தூளுக்கு 2017 ஜனவரி 1 முதல் விதித்தது. இந்தியாவில் அத்தகைய கட்டாய வரம்பு இல்லை.

மூன்றாவது, சந்தை, இறைச்சிக் கூடம், கோழிப்பண்ணை, உல்லாச விடுதி ஆகியவற்றின் கழிவு. நான்காவது, வயலிலிருந்து வழியும் உரம். இந்த நான்காவதைப் பற்றி விரிவாகப் பேச வேண்டியுள்ளது. ஏனெனில் ஆட்சியாளர்கள் முதலில் கைநீட்டுவது உழவரை நோக்கித்தான்.

உழவர் குற்றவாளியா?

இப்பகுதியின் வாழையும் காய்கறியும் பெரும்பகுதி பாட்டத்துக்கு எடுத்த நிலத்தில் விளைகின்றன. 1970 ஜனவரி 1 முதல் செயலுக்கு வந்த நிலச்சீர்திருத்தம் குத்தகை முறையை ஒழித்தது. நிலப்பிரபுத்துவத்தின் முதுகெலும்பை அது முறித்தது. ஆனால் இன்று நிலத்தில் உண்மையில் உழைப்பவர்களில் பலர் வாய்மொழிப் பாட்டக்காரர்கள். அவர்கள் பெயரில் ஆவணம் இல்லை. எனவே வங்கிக் கடனும் இழப்பீடும் எட்டாக்கனி. அடுத்த ஆண்டு அதே நிலம் கிடைக்குமா என்பதும் உறுதியில்லை. அத்தகைய உழவர் மண்ணின் பத்தாண்டு நலத்தைக் கருதி உரமிட முடியாது. வாங்கிய கடனை இந்த ஒரு போகத்தில் அடைக்கவே உரமிடுகிறார். இடவப்பாதி மழை அதன் ஒரு பங்கை ஓடைக்குக் கொண்டுபோகிறது. அவருக்கு நட்டம், ஆற்றுக்கு மாசு.

ஒன்றிய அரசின் உரக் கொள்கையும் இதை மோசமாக்கியது. 2010 ஏப்ரல் 1 முதல் சத்து அடிப்படையிலான மானிய முறை வந்தது. மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலை நிறுவனங்களின் கையில் விடப்பட்டது. யூரியா மட்டும் விலைக் கட்டுப்பாட்டில் நீடித்தது. சில ஆண்டுகளிலேயே டி.ஏ.பி., பொட்டாஷ் விலைகள் இரு மடங்குக்கும் மேல் ஏறின. 45 கிலோ யூரியா மூட்டை சுமார் 267 ரூபாய்க்கும், 50 கிலோ டி.ஏ.பி. மூட்டை 1,350 ரூபாய்க்கும் விற்கும்போது உழவரின் கை எதை நோக்கிப் போகும்? சமச்சீரற்ற உரப் பயன்பாட்டை உருவாக்கியது உழவரின் அறியாமை அல்ல, விலைக் கொள்கை.

2022–23இல் ஒன்றிய அரசின் உர மானியம் இரண்டரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. இந்தச் செலவைக் காட்டி மானியத்தை வெட்ட வேண்டும் என்று தாராளமயவாதிகள் வாதிடுகின்றனர்; இப்போது அதற்குச் சுற்றுச்சூழல் சாயமும் பூசுகின்றனர். கட்சி இதை ஏற்க முடியாது. யூரியா விலையை ஏற்றினால் சிறு உழவர் சாகுபடியை விடுவார். பெருந்தோட்டக்காரர் வாங்கிக்கொண்டே இருப்பார். தேவை மானிய வெட்டு அல்ல. மூன்று சத்துகளும் சரியான விகிதத்தில் கிடைக்கும் விலை, மண் பரிசோதனை, தொழுவுரத்துக்கும் மட்கு உரத்துக்கும் சமமான ஆதரவு ஆகியவையே தேவை. கேரளத்தில் மாநிலத் திட்டக் குழுவின் முன்முயற்சியில் நடந்த விரிவான மண் ஆய்வு, பல இடங்களில் மணிச்சத்து ஏற்கெனவே மிகுதியாக இருப்பதைக் காட்டியது. அத்தகைய நிலத்தில் பாஸ்பேட் உரத்தைக் குறைத்தால் விளைச்சல் குறையாது. உழவரின் செலவும் ஆற்றின் சுமையும் ஒன்றாகக் குறையும். அந்த அறிவு பாட்டக்காரரின் கையை அடைய வேண்டும் என்பதே கேள்வி.

மார்க்ஸ் கண்ட பிளவு

19ஆம் நூற்றாண்டின் வேதியியல் அறிஞர் லீபிக்கின் ஆய்வுகளை ஊன்றிப் படித்தவர் கார்ல் மார்க்ஸ். மண்ணிலிருந்து எடுக்கப்படும் சத்து உணவாகவும் நாராகவும் நகரத்துக்குச் செல்கிறது. கழிவாக மண்ணுக்குத் திரும்புவதில்லை. மனிதருக்கும் மண்ணுக்கும் இடையிலான இந்தச் சுழற்சியை முதலாளித்துவ உற்பத்தி அறுத்துவிடுகிறது என்று ‘மூலதனம்’ முதல் தொகுதியில் அவர் விளக்கினார். மூன்றாம் தொகுதியில், லண்டன் மக்களின் கழிவு வயலுக்கு உதவாமல் பெரும் பொருட்செலவில் தேம்ஸ் நதியைக் கெடுப்பதைச் சுட்டிக்காட்டினார். அதே காலத்தில்தான் பிரிட்டன் தன் வயல்களுக்கு உரமாகப் பெருவிலிருந்து கடற்பறவை எச்சத்தைக் கப்பல் கப்பலாக இறக்குமதி செய்தது.

இன்றைய இந்தியாவும் மொராக்கோ, ஜோர்டான் முதலிய நாடுகளிலிருந்து பாஸ்பேட்டை அந்நியச் செலாவணி கொடுத்து வாங்குகிறது. பொட்டாஷுக்கும் வெளிநாடுகளையே நம்பியிருக்கிறது. அப்படி வாங்கிய சத்து வயல் வழியாகவும் வயிறு வழியாகவும் பூவாற்றுப் பொழியில் போய்த் தேங்குகிறது. மண்ணுக்கு உரியதை மண்ணுக்குத் திருப்புவதே சத்து மாசைத் தடுக்கும் கொள்கையின் மையமாக இருக்க வேண்டும்.

அளக்கப்படாத மாசு

அரசு இதுவரை என்ன செய்தது? நீர் மாசு தடுப்புச் சட்டம் 1974இல் வந்தது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018இல் நாட்டில் 351 மாசுற்ற ஆற்றுப் பகுதிகளைப் பட்டியலிட்டது. அண்டையிலுள்ள கரமனை ஆறு அதில் மிக மோசமான முதல் பிரிவில் இடம்பெற்றது. ஆனால் அந்தப் பட்டியலின் அளவுகோல் நீரின் உயிரிவேதி ஆக்சிஜன் தேவை மட்டுமே. நைட்ரஜனும் பாஸ்பரசும் அதில் கணக்கில் இல்லை. நீர் பார்வைக்குத் தெளிவாக, அந்த அளவுகோலில் தேறியும்கூடச் சத்து மிகுந்து கெடலாம்.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கான விதியில் நடந்தது இன்னும் கவனத்துக்குரியது. 2015இல் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட வரைவு, வெளியேறும் நீரில் மொத்த நைட்ரஜன் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்றது. 2017 அக்டோபரில் இறுதி அறிவிக்கை வந்தபோது அந்த வரம்பு காணாமல் போயிருந்தது. மற்ற வரம்புகளும் தளர்த்தப்பட்டிருந்தன. 2019 ஏப்ரல் 30 அன்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, நைட்ரஜனுக்கும், குளம் ஏரிகளில் விடப்படும் நீரில் பாஸ்பரசுக்கும் வரம்பை வலியுறுத்தியது. விந்தை என்னவெனில், அதற்கு முந்தைய மாதம்தான் நைரோபியில் கூடிய ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவையில் நைட்ரஜன் மேலாண்மை பற்றிய தீர்மானத்தை இந்தியாவே முன்மொழிந்திருந்தது. உலக மேடையில் நைட்ரஜனைக் குறைக்கத் தீர்மானம். உள்நாட்டு விதியில் நைட்ரஜனுக்கு வரம்பு நீக்கம்!

இதற்கிடையே ஜி.எஸ்.டி. வந்தபோது, 1977ஆம் ஆண்டின் நீர்த் தீர்வைச் சட்டம் 2017இல் நீக்கப்பட்டது; மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் ஒரு வருவாய் வழியை இழந்தன. 2024ஆம் ஆண்டின் திருத்தச் சட்டமோ பெரும்பாலான மீறல்களுக்குச் சிறைத்தண்டனையை நீக்கி, 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மாற்றியது. பெரும் நிறுவனத்துக்கு 15 லட்சம் என்பது தண்டனை அல்ல, தொழில் செலவு.

எல்லைக் கோடும் மக்கள் ஒற்றுமையும்

2024 டிசம்பரில் கேரளத்தின் மருத்துவக் கழிவு திருநெல்வேலி மாவட்டத்தில் கொட்டப்பட்டு, பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணைப்படி திருப்பி எடுத்துச் செல்லப்பட்டது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அதைத் தமிழர்–மலையாளி பகையாக மாற்ற முயன்றவர்களும் உண்டு. களியக்காவிளைக்கு இப்பக்கமும் அப்பக்கமும் வாழும் தொழிலாளிக்கு ஓடை ஒன்றே, கடல் ஒன்றே. லாபம் பார்த்தவர் கழிவு ஒப்பந்ததாரர். நாற்றத்தைச் சுமந்தவர் ஏழை. இரு மொழியும் அறிந்த எல்லைப்புறத் தோழர்களுக்கு இந்த உண்மையை இரு மக்களிடமும் எடுத்துச் சொல்லும் தனிப் பொறுப்பு உண்டு.

மாநிலங்கள் கூடிச் செயல்படுவது இயலாததல்ல. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் சேரும் நைட்ரஜனுக்கும் பாஸ்பரசுக்கும் 2010இல் மொத்த வரம்பு வகுக்கப்பட்டு, ஆறு மாநிலங்களுக்கும் தலைநகர் வாஷிங்டனுக்கும் பங்கிடப்பட்டது. சுத்திகரிப்பு நிலையங்களில் நல்ல முன்னேற்றம் ஏற்பட்டது. வேளாண் மாசு போதிய அளவு குறையாததால் 2025ஆம் ஆண்டுக்கான இலக்கு முழுமையாக எட்டப்படவில்லை. இரண்டு பாடங்களும் இங்கே தேவை. இந்தியாவில் 1956ஆம் ஆண்டின் நதி வாரியச் சட்டம் மாசுத் தடுப்பையும் வாரியத்தின் பணியாக வகுத்தது. அதன்கீழ் ஒரு வாரியம்கூட அமைக்கப்படவில்லை. நெய்யாறு மாநிலங்களிடை நதியா இல்லையா என்ற வழக்கு நடக்கட்டும். ஏ.வி.எம். கால்வாய் இரு மாநிலங்களிலும் ஓடுவதில் யாருக்கும் ஐயமில்லை. கூட்டு முயற்சியை அங்கிருந்து தொடங்கலாம்.

கோரிக்கைகள்

1. சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்து வெளியேறும் நீரில் நைட்ரஜன், பாஸ்பரஸ் இரண்டுக்கும் கட்டாய வரம்பு வேண்டும். மாசுற்ற ஆறுகளின் பட்டியலுக்கும் இவை அளவுகோலாக வேண்டும்.

2. பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிக்கென மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் பொதுத்துறையில் அமைய வேண்டும். குறித்த கால இடைவெளியில் செப்டிக் டேங்க் துப்புரவு செய்வது குறைந்த கட்டணத்தில் உள்ளாட்சியின் சேவையாக வேண்டும். இயந்திரமும் பாதுகாப்பும் இன்றி எந்தத் தொழிலாளியும் குழியில் இறக்கப்படக் கூடாது. நோய்க்கிருமி நீக்கிய கசடு உரமாக மண்ணுக்குத் திரும்ப வேண்டும்.

3. சலவைத் தூளில் பாஸ்பேட்டுக்கு நாடு தழுவிய சட்ட வரம்பு வேண்டும்.

4. மூன்று சத்துகளுக்கும் நியாய விலையை அரசு நிர்ணயிக்க வேண்டும். வாய்மொழிப் பாட்டக்காரருக்கும் மண் பரிசோதனை, கடன், இழப்பீடு கிடைக்க கிருஷி பவன் மூலம் சாகுபடியாளர் பதிவு வேண்டும்.

5. ஓடைக்கரைத் தாவரங்களும் எஞ்சிய நெல்வயல்களும் சத்தை வடிகட்டும் இயற்கை அரண்கள். 2008ஆம் ஆண்டின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தில் ஓட்டை போடும் முயற்சிகள் கைவிடப்பட வேண்டும்.

6. திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்ட நிர்வாகங்களும் இரு பக்க உள்ளாட்சிகளும் இணைந்த கூட்டுக் குழு அமைய வேண்டும். அதன் நீர்ப் பரிசோதனை முடிவுகள் தமிழிலும் மலையாளத்திலும் வெளியிடப்பட வேண்டும்.

தோழர்களின் பணி

கேரளத்தின் மக்கள் திட்டம் 1996இல் கிராம சபைக்குக் கொடுத்த இடத்தைப் பயன்படுத்த வேண்டிய தருணம் இது. அடுத்த கிராம சபையில் ஒவ்வொரு வார்டிலும் மூன்று கேள்விகள் எழுப்பப்படட்டும். இந்த வார்டின் செப்டிக் டேங்க் கழிவு எங்கே போகிறது? கிணறுகளின் நைட்ரேட் அளவு கடைசியாக எப்போது பார்க்கப்பட்டது? அகற்றிய ஆகாயத்தாமரை எங்கே கொட்டப்பட்டது? மூன்றுக்கும் எழுத்தில் பதில் கோரப்படட்டும். பள்ளிகளின் ஆய்வகங்களும் குடும்பஸ்ரீ குழுக்களும் கிணற்று நீரைப் பரிசோதிக்க ஒத்துழைக்க முடியும். அகற்றிய செடியை மட்கு உரமாக்கி வாழைத் தோட்டத்துக்குக் கொண்டுசெல்வதை வேலையுறுதித் தொழிலாளரின் கூலிக்குரிய பணியாக்கக் கோரலாம். விவசாயச் சங்கமும் மீன்பிடித் தொழிலாளர் சங்கமும் ஒரே மேடையில் அமராவிட்டால், உழவரும் மீனவரும் ஒருவரையொருவர் குற்றம் சாட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த மேடையை அமைப்பது கட்சிக் கிளைகளின் வேலை.

அளக்கப்படாத மாசுக்கு அரசு பொறுப்பேற்பதில்லை. எனவே முதல் போராட்டம் அளக்க வைப்பதற்கான போராட்டம். அந்தக் கணக்கு மக்கள் கைக்கு வந்துவிட்டால், யார் செலவு செய்ய வேண்டும், யார் பொறுப்பேற்க வேண்டும் என்ற அடுத்த போராட்டத்தை நெய்யாற்றின் இரு பக்க மக்களும் சேர்ந்தே நடத்துவார்கள்.